பாதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்: பழைய காட்ஸில்லா பொம்மையை மதிப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவுக்கு வேலைக்கு வரும் தமிழர்களில் பலர் குடியேறுவது நிஷி-கசாய் வட்டாரத்தில். பழைய பொம்மை தேடுகிறவர்கள் போய் நிற்பது நகானோ பிராட்வே என்ற பழைய வணிக வளாகத்தில். நிஷி-கசாயில் டோசாய் பாதை ரயிலில் ஏறி உட்கார்ந்தால் நகானோ வரை மாறவே வேண்டாம். இந்த வசதி என் சேமிப்புக்கு நல்லதாக அமையவில்லை.

போன மாதம் அந்த ரயிலில் என்னோடு ஒரு தம்பி வந்தான். திண்டுக்கல்காரன், டோக்கியோ வந்து எட்டு மாதம். "பழைய காட்ஸில்லா ஒன்று வாங்க வேண்டும் அண்ணா, அசலாக இருக்க வேண்டும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். கடையில் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஊழியர் பொம்மையை எடுத்து, துணி விரித்த தட்டில் வைத்ததுதான் தாமதம், இவன் அதைத் தலைகீழாகப் புரட்டினான். சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பவரைப் போல, கைபேசி வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் அடியிலும் பொறித்திருந்த நிறுவன முத்திரையைப் படித்தான். பிறகு வெற்றிக் களிப்போடு நிமிர்ந்தான்: "அண்ணா, முத்திரை இருக்கிறது!"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே களிப்போடு நிமிர்ந்தவன்தான். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

விலையை நாலு இடத்தில் விசாரியுங்கள், போலி நிறைய இருக்கிறது, உடைந்ததை வாங்காதீர்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. கத்தரிக்காய் வாங்கத் தெரிந்தவருக்கு அதெல்லாம் தெரியும். கொஞ்சம் படித்து, கொஞ்சம் தெரிந்துகொண்டு, அந்தக் கொஞ்சத்தாலேயே விழும் குழிகள் வேறு. அவற்றைப் பற்றித்தான் இது.

படத்தில் இருப்பதுபோல் இல்லையே என்று தள்ளுவது

1966 வாக்கில் ஜப்பானில் மாருசான் நிறுவனம் விற்ற காட்ஸில்லாவை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். பச்சையும் நீலமுமாக ஒரு வண்ணம், மேலே பொன்னிறத் தூவல், முகமோ பால்குடி மறக்காத பிள்ளையின் முகம். திரையில் நகரத்தை மிதித்த அசுரனுக்கும் இதற்கும் என்ன உறவு என்று தோன்றும். உறவு இல்லாததுதான் அதன் அழகு. அது குழந்தையின் கைக்காகச் செய்த பொருள். இன்று அதைத் தேடுகிறவர்கள் அந்தச் சப்பை முகத்துக்காகவே விலை கொடுக்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. இன்றைய நுணுக்கமான உருவங்களைப் பார்த்துவிட்டு, "காட்ஸில்லா இப்படி இருக்காதே, காது எங்கே?" என்று குறை சொல்கிறார்கள். எந்தக் காட்ஸில்லா என்று கேட்டால் பதில் இல்லை. 1954இல் வந்த முதல் படத்தில் நடிகர் உள்ளே புகுந்து அணிந்த காட்ஸில்லா உடுப்புக்குச் சிறிய காதுகள் உண்டு, காலுக்கு நான்கு விரல்கள். 1962இல் கிங் காங்கோடு மோதிய உடுப்புக்குக் காது கிடையாது, விரல்கள் மூன்று. ஏறக்குறையப் படத்துக்கு ஓர் உடுப்பு தைத்தார்கள். ஜப்பானிய ரசிகர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1962இன் உடுப்பு 'கிங்கோஜி', 1964இல் மோத்ரா என்ற ராட்சத அந்துப்பூச்சியை எதிர்த்தது 'மொசுகோஜி'. கையில் இருப்பது எந்த ஆண்டின் உடுப்பு என்று தெரிந்துகொண்ட பிறகே சாயல் சரியா தவறா என்று பேச முடியும். நிறமும் அப்படித்தான். முதல் காட்ஸில்லா கரிச் சாம்பல் நிறம். பச்சை நிறத்தை நம் மனத்தில் ஏற்றியதில் பொம்மைகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

பிரிக்காத பெட்டியை வணங்குவது

உள்ளே இருப்பது பி.வி.சி. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் ஆண்டுகள் போகப்போக மேலே கசிந்து வரும். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் தட்டில் மூடிக்கிடந்தால் போக வழியின்றி உடம்பிலேயே படியும். பதினைந்து ஆண்டு பிரிக்காத பெட்டியை நண்பர் ஒருவர் நிறையப் பணம் கொடுத்து வாங்கி, விருந்துக்கு வந்தவர்கள் முன் திறந்தார். அசுரன் பலாச்சுளை மாதிரி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தான். மிதமான வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கரைத்துக் கழுவினால் பெரும்பாலும் சரியாகும். தின்னர் பக்கம் போகாதீர்கள், வண்ணமும் சேர்ந்து போய்விடும். பிரிக்காத பெட்டிக்குப் பிரித்ததைவிட அதிக விலை கேட்கிறார்கள் என்பது உண்மை. அந்த அதிகப் பணம் அட்டைக்கே தவிர, உள்ளே இருப்பதன் நலத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

பாத முத்திரையைப் பிறப்புச் சான்றிதழாகப் படிப்பது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

முதலில் சோஃபுபி எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும். சாஃப்ட் வினைல், அதாவது மென்மையான பி.வி.சி., என்பதை ஜப்பானியர் சுருக்கிய பெயர் அது; அதில் செய்த இந்தப் பொம்மைகளுக்கும் அதுவே பெயர். சிற்பி செய்த மூல உருவத்திலிருந்து மெழுகுப் பிரதி எடுக்கிறார்கள். அந்த மெழுகின் மேல் மின்முலாம் பூசும் முறையில் செம்பை ஏற்றி உலோக அச்சாக்குகிறார்கள். அச்சில் திரவ வினைலை ஊற்றிச் சூடாக்கினால் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் கெட்டியாகும். நடுவில் மிஞ்சியதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மீண்டும் சூடாக்கி, இளகிய நிலையில் இருக்கும்போதே இடுக்கியால் பிடித்து இழுத்து எடுக்கிறார்கள். தலை, உடல், கை, கால், வால் எல்லாம் தனித்தனியாக இப்படி வரும். சூட்டோடு பொருத்தினால் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொள்ளும்.

இதில் பாத முத்திரை எங்கே வருகிறது? அச்சில். முத்திரை அச்சோடு பிறந்தது, பொம்மையோடு பிறந்ததல்ல. அந்த அச்சில் முதல் நாள் வார்த்த காலிலும் அது இருக்கும், முப்பது ஆண்டு கழித்து வார்த்த காலிலும் அதே இருக்கும்.

அச்சுகளுக்கோ ஆயுள் கெட்டி. அவற்றை வைத்திருந்த நிறுவனங்களுக்குத்தான் அது இல்லை. மாருசான் 1968இல் திவாலானது. அங்கே வேலை பார்த்தவர்கள் 1969இல் புல்மார்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பழைய அச்சுகள் பல அவர்கள் கைக்கு வந்து, வேறு வண்ணங்களில் மறுபடி வார்க்கப்பட்டன. 1977இல் புல்மார்க்கும் திவால். அதோடு கதை முடியவில்லை. சிறுவயதில் அவற்றோடு விளையாடியவர்கள் வளர்ந்து, சம்பாதித்து, ஏக்கத்தோடு தேட ஆரம்பித்தபோது இரண்டு பெயர்களிலும் மறுவெளியீடுகள் வந்தன. அவை போலி அல்ல. உரிமை பெற்று முறையாகச் செய்தவை, அழகானவை. விலைதான் வேறு.

இந்த வரலாறெல்லாம் தெரியாத காலத்தில், ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு, இணைய ஏலத்தில் ஒரு புல்மார்க் காட்ஸில்லாவைக் கண்டேன். விற்பவர் ஏழு படங்கள் போட்டிருந்தார். நான்கு பாதத்தின் படங்கள். குறிப்பு இரண்டே வரி: "வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது. இதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, படத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்." கீழே ஜப்பானிய ஏலங்களில் வழக்கமாக வரும் மந்திரம்: நோ கிளெய்ம், நோ ரிட்டர்ன்.

பாதத்தின் படங்களைத் திரை கொள்ளும் அளவுக்குப் பெரிதாக்கினேன். எழுத்துகள் அச்சுக் கோத்ததுபோல் தெளிவாக இருந்தன. 1970களின் பொருள், இவ்வளவு சுத்தமாக! எதிரே ஒருவர் விடாமல் ஏற்றினார். ஏற்ற ஏற்ற எனக்கு உறுதி கூடியது; வேறொருவருக்கும் வேண்டுமென்றால் அது அசல்தானே? அவரும் என்னைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. 46,000 யென்னில் முடிந்தது. மனைவியிடம் 6,000 என்று சொன்னேன். விதி அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டது.

சில மாதம் கழித்து, பெருமை தாங்காமல் அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு நகானோ போனேன். விற்க அல்ல, "எவ்வளவு போகும்" என்று கேட்டுவிட்டு, விற்க மாட்டேன் என்று சொல்லித் திரும்பிவரும் அல்ப ஆசை. கடையில் வயதான ஊழியர் ஒருவர் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு வாங்கினார். பாதத்தைப் பார்க்கவே இல்லை. தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். மூக்கைத் தடவினார். வாலின் அடிப்புறத்தைத் தடவினார். பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்து, "கொரே வா..." என்றார். "இது வந்து..." என்று பொருள். அதோடு நிறுத்திவிட்டார். ஜப்பானில் ஓராண்டு இருந்தவருக்குக்கூட தெரியும், பாதியில் நிற்கும் அந்த வாக்கியத்தின் மறுபாதி எப்போதும் 'இல்லை'தான்.

நான் பாதத்தைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, அலமாரியிலிருந்து அதே வகையில் இன்னொன்றை எடுத்துவந்து என்னுடையதன் பக்கத்தில் படுக்கவைத்தார். நான்கு பாதங்கள் வரிசையாக. அவருடையதில் முத்திரையின் ஒரு பக்கம் ஏறக்குறைய மழுங்கிப்போயிருந்தது. ஏதோ ஒரு பிள்ளை ஆண்டுக்கணக்கில் அதைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடக்கவைத்திருக்கிறது. என்னுடையதில் எழுத்து புது நாணயம்போல் நின்றது. ஏல இரவில் நான் பெரிதாக்கிப் பெரிதாக்கி ரசித்த அந்தத் தெளிவுதான், இது தரையையே பார்க்காத புதியது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

"ஃபுக்கோக்கு" என்றார் மெதுவாக. மறுவெளியீடு. வாங்கிக்கொள்ள விருப்பமென்றால் 6,000 யென் தருவதாகவும் சொன்னார். மனைவியிடம் நான் சொன்ன அதே எண்.

அவர் அன்று காட்டியதையும், பிறகு நானாகக் கற்றதையும் சொல்கிறேன். தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழந்தையின் கை எங்கே பிடிக்குமோ அங்கே வண்ணம் போயிருக்க வேண்டும்: மூக்கு நுனி, விரல் நுனி, முதுகுச் செதில்களின் விளிம்பு, வாலின் அடி. உடம்பெங்கும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். அடுத்தது கழுத்து. ஹேர் டிரையரால் கழுத்தைச் சுற்றி இளஞ்சூடு காட்டினால் தலை கழன்று வரும். கடையில் ஊழியரைத்தான் கேட்க வேண்டும், நீங்களாகத் திருகாதீர்கள், குளிர்ந்த பழைய வினைல் கிழிந்துவிடும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே வெயில் வாங்கி வெளுத்து, உள்ளே ஆதி நிறம் அப்படியே இருந்தால் அதற்கு வயது உண்டு. உள்ளும் புறமும் ஒரே நிறம் என்றால் ஒன்று இருட்டிலேயே வளர்ந்தது, அல்லது இப்போதுதான் பிறந்தது. மூன்றாவது, வினைலின் விறைப்பு. மென்மையாக்கும் பொருளை இழந்த பழைய வினைல் கெட்டிப்படும், கை முரண்டு பிடித்துத் திரும்பும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வைத்திருந்த இடத்தைப் பொறுத்து இது மாறும்.

இது பழைய சோஃபுபியோடு நிற்கும் சங்கதி இல்லை. 1983இலிருந்து பாண்டாய் நிறுவனம் வெளியிட்டுவரும் சாஃப்ட் வினைல் அசுரர்களிலும், ஒரே அச்சு வண்ணம் மாறி, டேக் மாறி, பல முறை வந்திருப்பதைப் பார்க்கலாம். காலடியில் பதிப்புரிமைக் குறிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்டு, அந்த உருவத்தின் பதிப்புரிமைக்கான ஆண்டு. அது வார்த்த ஆண்டாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்பி பொம்மையின் முதுகில் 1966 என்று பார்த்துவிட்டுப் புதையல் கிடைத்ததாகத் துள்ளுகிறவர்கள் உலகமெங்கும் உண்டு. அந்த ஆண்டு பொறித்த உடலைப் பல பத்தாண்டுகள் விற்றார்கள்.

அப்படியானால் முத்திரையால் பயனே இல்லையா? உண்டு. யார் செய்தது, உரிமை யாருடையது, எந்த நாட்டில் வார்த்தது என்று சொல்லும். இந்த ஆண்டுக்கு முன்னால் பிறந்திருக்காது என்றும் சொல்லும். அதாவது கீழ் எல்லையை மட்டும் காட்டும். நாம் அதை மேல் எல்லையாகவும் படித்து, பணத்தைக் கட்டுகிறோம்.

எனக்கு எரிச்சல் 40,000 யென் போனதில் இல்லை. (இருக்கிறது. ஆனால் அது ஆறிவிட்டது.) படிக்கத் தெரிந்தவன் என்ற திமிரில், எழுத்து இருக்கும் ஒரே இடத்தை மட்டும் படித்தேன் என்பதுதான் ஆறவில்லை. இன்றும் தம்பிகள் எனக்கு அனுப்பும் படங்களில் பாதி பாதத்தின் படங்கள். "முழுப் பொம்மையும் அனுப்பு" என்று கேட்டால், "முத்திரை தெளிவாக இருக்கிறது அண்ணா" என்று பதில் வருகிறது. தெளிவாக இருப்பதுதானப்பா தொந்தரவு.

முகர்ந்து பார்க்க வெட்கப்படுவது

முகருங்கள். புது மழைக்கோட்டு வாசனை தூக்கலாக வந்தால் கேள்வி கேளுங்கள்.

இல்லாததைப் பார்க்காமல் விடுவது

இருப்பதைக் கண் பார்க்கும். இல்லாததைப் பார்க்க முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மேட்டல் நிறுவனம் விற்ற, சுமார் ஒன்றரை அடிக்கும் மேல் உயரமான காட்ஸில்லாவின் ஒரு கை முன்பகுதி விசையைத் தட்டினால் பாய்ந்து போகும். பாய்ந்து போனது எல்லா வீட்டிலும் திரும்பி வரவில்லை. அது இல்லாத பொம்மையும் பார்க்க முழுமையாகவே தெரியும். கை மடங்கியிருக்கிறது போலும் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

1979இல் கென்னர் நிறுவனம் செய்த, 'ஏலியன்' படத்து அசுரனின் 18 அங்குலப் பொம்மை இன்னும் மோசம். தலைமேல் கண்ணாடிபோல ஒரு தனி மூடி உண்டு. அதைக் கழற்றித் தொலைத்தவர்கள் ஏராளம். இப்போது அந்த மூடியைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஒசாகாவிலிருந்து ஒரு நண்பர் முழுப் பொம்மை என்று நம்பி வாங்கி வந்தார். உடம்பில் நாற்பது ஆண்டு கீறல்; மூடியில் ஒரு கோடு இல்லை. கிழவருக்குப் பல்செட்டு மாட்டியது மாதிரி இருந்தது. மாற்று மூடி போட்டது குற்றமல்ல, அதற்கு அசல் மூடியின் விலை கொடுத்ததுதான்.

மூட்டு மூட்டாக அசையும் நவீன உருவங்களில் கூடுதல் கைகள், நெருப்பு மூச்சு, தாங்கி என்று பத்துப் பதினைந்து துண்டுகள் வரும். பெட்டியின் பின்பக்கப் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுங்கள். கடைக்காரர் காத்திருப்பார், அவர்களுக்கு இது பழக்கம்.

மேல்பூச்சைக் கண்டுகொள்ளாதது

தேய்ந்த இடத்தில் வண்ணம் தொட்டு வைத்திருப்பார்கள். நேராகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடியுங்கள். ஒட்டுப்போட்ட இடத்தின் பளபளப்பு தனியாக நிற்கும். புற ஊதா டார்ச் கையில் இருந்தால் இன்னும் நல்லது, பழைய வண்ணமும் புதியதும் அதில் வேறு வேறாகத் தெரிவதுண்டு. பழையவற்றில் கண்ணின் கருமணியை உற்றுப் பாருங்கள். தூவல் பழுதானால் பலர் விட்டுவிடுவார்கள், கண் அழிந்தால் மட்டும் யாருக்கும் மனம் பொறுப்பதில்லை. முதலில் கை வைப்பது அங்கேதான்.

சாய்ந்து நிற்பதைக் கழித்துவிடுவது

இது நேர் எதிர்த் தவறு. கால் வளைந்து, முன்னால் குப்புற விழப்போவதுபோல் நிற்கும் சோஃபுபியை எல்லோரும் ஒதுக்குகிறார்கள், விலையும் குறையும். வெயில்பட்ட ஜன்னலோரம் இருந்தாலே வினைல் இளகி இப்படி ஆகும். நான் மதுரை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்த ஒன்று, அடுத்த சித்திரைக்குப் போனபோது கும்பிட்டபடி நின்றது. "சாமி கும்பிடுது பாரு" என்று அம்மா அதற்கு விபூதி வேறு வைத்திருந்தார். காலைக் கழற்றி, கை பொறுக்காத அளவு வெந்நீரில் சற்று நேரம் போட்டு, நேராக்கி, அப்படியே பிடித்துக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினேன். நிமிர்ந்துவிட்டது. வண்ணம் கெடவில்லை. கிழிசலும் வெடிப்பும் இல்லாத வளைவு என்றால் தைரியமாக வாங்குங்கள்.

கறையை அழுக்கு என்று நினைப்பது

அழுக்கு சோப்புக்குப் போகும். வினைலுக்குள் இறங்கிய மை போகாது. வீடு மாறியபோது ஒரு காட்ஸில்லாவை ஜப்பானிய நாளிதழில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். கோடை கடந்து பிரித்தால், வயிற்றில் ஒரு தள்ளுபடி விளம்பரம் கண்ணாடி பிம்பமாகத் தலைகீழாகப் பதிந்திருந்தது. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை; எனக்குக் கான்ஜி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்து படிக்கக் கற்றுத்தந்ததில் அந்த வயிற்றுக்கும் பங்கு உண்டு. வேறு நிற வினைலோடு ஒட்டிக் கிடந்தாலும் நிறம் மாறி ஏறும். ஆகவே "துடைத்தால் போய்விடும்" என்று விற்பவர் சொன்னால், துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேட்கும் விலையைச் சந்தை விலை என்று நம்புவது

கேட்பதற்குக் காசில்லை. விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள்.

வால் நுனியின் படம் கேட்காமல் இணையத்தில் வாங்குவது

கேளுங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒரே உடம்பு என்று எடுத்துக்கொள்வது

அந்தத் தம்பியின் கதைக்கு வருகிறேன். முதல் நாள் நான் பொழிந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினான். மூன்று வாரம் கழித்துத் தனியாகவே போய், ஒரு சனிக்கிழமை மாலை என் வீட்டுக் கதவைத் தட்டினான். பையிலிருந்து எடுத்தது பச்சை நிற காட்ஸில்லா, ஓர் அடிக்குக் குறைவு. பாதத்தை அவன் காட்டவே இல்லை. மூக்கில் தேய்மானம் காட்டினான். செதிலின் விளிம்பைக் காட்டினான். கடையிலேயே தலையைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்துவந்திருந்தான்: உள்ளே அடர்பச்சை, வெளியே வெளுத்த பச்சை. 31,000 யென். முத்திரை பாதி மழுங்கியிருந்ததை நான்தான் புரட்டிப் பார்த்துக்கொண்டேன். அசல். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

காபி போட்டுக் கொடுத்துவிட்டு, அவன் அனுமதியோடு ஹேர் டிரையரை எடுத்துவந்து வாலின் அடியில் காட்டினேன். வால் மெதுவாகக் கழன்று வந்தது. உள்ளே பார்த்தேன். நீலம்.

சோஃபுபியின் உறுப்புகள் தனித்தனியாக வார்த்துப் பொருத்துபவை என்று மேலே சொன்னேன். ஒரே அச்சில் வந்த வேறு பொம்மையின் வாலும் அதே துளையில் கச்சிதமாக உட்காரும். கையும் அப்படியே, காலும் அப்படியே. உடைந்த இரண்டைச் சேர்த்து முழுசாக ஒன்று ஆக்குவது பழைய வழக்கம். கழுத்தைப் பார்ப்பவர்கள்கூட வாலைக் கழற்றிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மூட்டின் உள்நிறமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

தம்பி வாலை வாங்கி டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு உடம்பை. பிறகு மறுபடி வாலை.

"எவ்வளவு குறைத்துக் கேட்டிருக்கலாம் அண்ணா?"

"மூன்றில் ஒரு பங்கு."

மனத்துக்குள் கணக்குப் போட்டான். பிறகு வாலைப் பொருத்தி, மேசையில் நிறுத்தி, சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். அந்த நீல வால்காரனின் உடம்பு எங்கேயோ வால் இல்லாமல் இருக்குமே, அது என்ன விலைக்குக் கிடைக்கும் என்று கேட்டான்.